ஐஸ் நிக்கிற பெட்டி

– மூடி இடுக்குல வச்ச பேப்பரை இழுத்துப் பாரு தம்பி. பலமா இழு. பேப்பர் கிழிஞ்சாலும் கிழியும், மூடியை விட்டு வராது. ரப்பர் அப்படி. காத்து உள்ள போகணும்னாகூட என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுத்தான் போகணும்.

– வந்துடுச்சே.

– ஓரத்துல வச்சு இழுத்தா வரத்தான் செய்யும். நடுவுல வச்சு இழு.

– அதெல்லாம் சரி வராதுண்ணே. ஓரத்துல காத்து போச்சுன்னா நடுவுல ரப்பர் இருந்து என்ன புண்ணியம்? வா புள்ள, வேற கடை பாப்போம்.

– இது மூணாவது கடைய்யா. இதுக்கு அடுத்தது சைக்கிள் கடை. அங்க போய் ஐஸ் பெட்டி கேக்கப் போறியா?

– தங்கச்சி கேக்கறது நியாயம். இந்த ஊர்ல கூடாரம் அடிச்சுத் தங்கப் போறவன், தூண்டில் போடப் போறவன், எல்லாரும் என்கிட்டதான் பெட்டி வாங்கறான். போன வாரம் ஒரு கும்பல் நாலு நாள் காட்டுக்குள்ள கிடந்துட்டு வந்து, "அண்ணே, எங்க சரக்கு தீந்துடுச்சு, உங்க ஐஸ் தீரல"ன்னு சொல்லிட்டுப் போறாங்க. பாத்துக்கங்க. என் மாமியார் மனசுகூட இந்தப் பெட்டிக்கு முன்னால சீக்கிரம் இளகிடும். சரி, நீங்க எத்தனை நாளைக்குப் போறீங்க, என்ன வைக்கப் போறீங்க? மீனா, கறியா, பாட்டிலா?

– பால்ணே. என் பால். பையனுக்கு.

– அய்யோ. மன்னிச்சுக்கம்மா. நான் பாட்டுக்கு சரக்கு கிரக்குன்னு உளறிட்டேன். பிள்ளை எங்க இருக்கு?

– டவுன்ல, பெரிய ஆஸ்பத்திரியில. கண்ணாடிப் பெட்டிக்குள்ள. ஏழு மாசத்துலயே வந்துட்டான், அவசரக்காரன். பொறந்தப்ப என் கையால சரியா ரெண்டு சாண். இப்ப ரெண்டு விரக்கடை கூடியிருக்கான்னு இவரு போன வாரம் பாத்துட்டு வந்து சொன்னாரு.

– பெத்தவளைப் பக்கத்துல இருக்க விடலையா?

– பத்து நாள் வராண்டாவுலதான் படுத்திருந்தேன். மூத்தவளுக்கு இங்க அம்மை போட்டுடுச்சுன்னு ஓடியாந்தேன். வந்ததுதான் தப்பாப் போச்சு. அம்மை வீட்டுல இருந்தவ இருபத்தோரு நாளைக்கு அந்த வார்டுப் பக்கமே தலை காட்டக் கூடாதுன்னுட்டாங்க. பாலை உறைய வச்சுக் குடுத்தனுப்பலாமாம். இவரு வேலை பாக்கற சைட்டு கேண்டீன்ல ஒரு ஃப்ரீசர் இருக்கு. கோழிக்கும் மீனுக்கும் நடுவுல கொஞ்சம் இடம் கேட்டு வாங்கி வச்சிருக்கேன். இவருக்குச் சின்ன வயசுலயே அம்மை போட்டதால இவரை உள்ள விடறாங்க, இவருதான் கொண்டுபோய்க் குடுக்கறாரு. நான் அவனைப் பாத்துப் பதினேழு நாளாச்சு.

– எவ்வளவு தூரம் தம்பி?

– ஒரு ராத்திரி, ஒரு பகல். ரெண்டு பஸ்ஸு, நடுவுல லாரி. சுரங்கம் தோண்டுற மலைக்கு எவன் பஸ் விடுவான்?

– போன தடவை தெர்மாகோல் பெட்டியில ஐஸை அள்ளிப் போட்டுக் குடுத்தனுப்பிச்சேண்ணே. போய்ச் சேரும்போது அத்தனையும் தண்ணி. ஒரு தடவை இளகிட்டா ஆகாதாம். அந்த நர்ஸு எட்டு பாட்டிலையும் ஒவ்வொண்ணா திறந்து தொட்டியில ஊத்தியிருக்கு. இவரு கண்ணு முன்னாலயே. அன்னிக்கு அவன் டப்பாப் பால்தான் குடிச்சிருக்கான்.

– அதை எதுக்கு இப்ப பேசற?

– பேசினா என்ன? அதுக்குத்தானே பெட்டி வாங்க வந்திருக்கோம்.

– சரி சரி, சண்டை வேண்டாம். நான் சொல்றதைக் கேளுங்க. பெட்டி மட்டும் நல்லா இருந்தா பத்தாது, போடுற விதம் இருக்கு. இன்னிக்கே கொஞ்சம் ஐஸைப் போட்டுப் பெட்டியைக் குளிர வச்சுடணும். நாளைக்கு அதைக் கொட்டிட்டுப் புது ஐஸ் போடணும். சூடான பெட்டியில ஐஸைப் போட்டா பாதி ஐஸ் பெட்டியைக் குளிர வைக்கவே செத்துப் போகும். பொடி ஐஸ் வேண்டாம், பாளமா வாங்கு. உள்ள காத்துக்கு இடம் விடக் கூடாது, சந்துல எல்லாம் அடைச்சுடணும். நிழல்ல வை. முக்கியமா, பிள்ளை மாதிரி அடிக்கடி திறந்து எட்டிப் பாக்கக் கூடாது.

– எல்லாம் சொல்றீங்க. சுவரு எப்படி? நான் தட்டிப் பாக்கறேன். ம்ஹூம், இங்க பொக்குன்னு கேக்குது பாருங்க. உள்ள நுரை சரியா நிரம்பல.

– அட, தட்டியே கண்டுபிடிக்கறியா?

– எங்க தொழில் அதுண்ணே. வேட்டு வச்சதும் கம்பியால கூரையைத் தட்டிப் பாத்துட்டுத்தான் உள்ள போவோம். கிண்ணுன்னு கேட்டா நல்ல பாறை. பொக்குன்னு கேட்டா விலகி நிக்கணும், எப்ப வேணா தலையில விழும்.

– நேத்துலேருந்து இவரு பேச்சும் பொக்குன்னுதாண்ணே கேக்குது.

– எ... என்ன புள்ள உளர்ற? தொண்டை கட்டியிருக்கு. பாறைத் தூசி.

– அப்ப இந்த நீலப் பெட்டியைத் தட்டு தம்பி. பெருசு. தட்டு, தட்டு. என்ன கேக்குது?

– ...கிண்ணுன்னுதான் இருக்கு.

– எப்படி! சுவரு மூணு விரல் கனம். இதே சாமானை நேத்துக் காலையில கடை திறந்ததும் ஐஸ் போட்டு வாசல்ல வச்சேன், வர்றவங்களுக்குக் காட்டறதுக்குன்னே. இந்தா, மூடியைத் திறக்கறேன். தங்கச்சி, நீயே கை விட்டுப் பாரு. ஒரு ராத்திரி ஒரு பகல் தாண்டியாச்சு. பாளம் அப்படியே கிடக்கா இல்லையா?

– கிடக்கு.

– தண்ணி கொஞ்சம் நிக்கும். அதையும் வடிச்சுடாத, குளுந்த தண்ணிதான் ஐஸுக்குக் காவல். போதும்மா, கையை எடு.

– ரொம்பக் குளுருதுண்ணே.

– ஐஸுன்னா குளுராம சுடுமா? எடு புள்ள கையை, மரத்துப் போயிடும்.

– மரத்துத்தான் போச்சு. ஒரு துணி சுத்தித்தான் வைக்கணும். வெறுமனே வைக்கக் கூடாது.

– பாட்டிலுக்குத் துணி நல்லதுதாம்மா, ஒண்ணோட ஒண்ணு இடிக்காது. என்னம்மா, சட்டையெல்லாம் நனைஞ்சு போச்சு? தண்ணி தெறிச்சுடுச்சா?

– தண்ணி இல்லண்ணே. காலையில எடுத்தும் திரும்பக் கட்டிக்கிச்சு, வழியுது. பின்னாடி மறைவா ஒரு இடம் இருக்குமா? பாட்டில் பையிலயே இருக்கு.

– குடோன் இருக்கு, தாழ்ப்பாளும் இருக்கு, ஒரு ஸ்டூல் கிடக்கும், உக்காந்துக்க. யாரும் வர மாட்டாங்க. அந்த வாசப்படி மட்டும் பாத்துப் போ, இடிக்கும்.

– வந்துடறேன். நீ பாட்டுக்குக் கடையை விட்டு இறங்கிடாதய்யா.

– போயிட்டு வா.

– நல்ல பொண்ணு தம்பி. எவ்வளவு மும்முரமா பாக்குது பாரு. அந்த நீலம் உங்களுக்குப் பெருசு. எட்டு பாட்டிலுக்கு இந்த வெள்ளைப் பெட்டி தாராளம், அதே சுவரு, அதே ரப்பர். தோள்ல மாட்டிட்டுப் போயிடலாம். இதைக் கட்டட்டுமா?

– எதையும் கட்டாதீங்கண்ணே. இதுவும் ஒழுகும்னு சொல்லிடுங்க. வேற சரக்கு வர ஒரு வாரம் ஆகும்னு சொல்லிடுங்க.

– என்ன தம்பி இது? நானும் வந்ததுலேருந்து பாக்கறேன், எதை எடுத்தாலும் நொள்ளை சொல்ற. விலைதான் யோசனைன்னா விடு, பாத்துப் போட்டுத் தர்றேன். பிள்ளை பால் விஷயம்.

– பிள்ளை இல்லண்ணே.

– என்னது?

– போயிட்டான். நேத்து விடியக்காலையில. மூச்சு நின்னு போச்சாம்.

– அட கடவுளே.

– மத்தியானம் ஆஸ்பத்திரியிலேருந்து போன் வந்துச்சு. சுரங்க வாசல்ல நின்னுட்டிருந்தேன். பின்னால மிஷின் ஓடுது. அந்தப் பொண்ணு ஏதோ சொல்லுது, காதுல விழல. "திரும்பச் சொல்லும்மா"ன்னேன். திரும்பச் சொல்லிச்சு. அதுவும் விழல. மூணு தடவை அந்த வார்த்தையை அந்தப் பொண்ணு வாயால சொல்ல வச்சேண்ணே. கடைசியில அதுவே கத்திச் சொல்லிட்டு அழுதுடுச்சு.

– தங்கச்சிக்கு?

– தெரியாது. எப்படிச் சொல்லுவேன்? இன்னிக்குக் காலையிலகூட ரெண்டு பாட்டில் எடுத்து மூடி, தேதி எழுதுய்யான்னு என் கையில பேனாவைக் குடுக்கறா. எழுதினேண்ணே. தேதி எழுதி, கோழிக்குப் பக்கத்துல கொண்டுபோய் வச்சுட்டு வந்தேன். அப்புறம் பெட்டி வாங்கப் போலாம்னு கிளம்பிட்டா. வேண்டாம்னு சொல்ல வாய் வரல.

– இப்ப என்னதான் பண்ணப் போற?

– மூணு நாளைக்குள்ள வந்து வாங்கிக்கணுமாம். இல்லன்னா அவங்களே அடக்கம் பண்ணிடுவாங்களாம். இந்த மலைக்கெல்லாம் வண்டி வராதுன்னுட்டாங்க. பால் கொண்டு போறேன்னு சொல்லிட்டு நாளைக்கு நான் மட்டும் போயி, அங்கயே புதைச்சுட்டு வந்துடறேன். இவகிட்ட பத்து நாள் கழிச்சு மெதுவா...

– அவ பாக்காமலா?

– பாத்து என்ன ஆகப் போகுது? அவளுக்கு உயிரோட பாத்த முகம் ஞாபகம் இருக்கட்டும்.

– பெட்டி விக்கிறவன் நான், உனக்குப் புத்தி சொல்ல எனக்கென்ன தகுதி? ஆனா பதினேழு நாளா விரலை விட்டு எண்ணிட்டு இருக்கிறவ தம்பி. அவகிட்டேருந்து அதையும் பிடுங்காத.

– சுரங்கத்துல ஆள் மேல பாறை விழுந்திருக்கு, நான் தோண்டி எடுத்திருக்கேன். வீட்டுல போய்ச் சேதி சொல்லியிருக்கேன். இவ முகத்தைப் பாத்துச் சொல்ல முடியல.

– மூக்கைச் சிந்து. கண்ணைத் துடை. கதவு திறக்குது.

– என்னய்யா, ரெண்டு பேரும் கிசுகிசுன்னு? விலை பேசிட்டீங்களா?

– இல்ல புள்ள. அண்ணே சொல்றாரு, அடுத்த வாரம் இதைவிட நல்ல பெட்டி வருதாம்.

– ஆ... ஆமாம்மா. வரும்னு சொல்லியிருக்காங்க. நீ அந்த பாட்டிலைக் குடு, என் ஃப்ரிட்ஜ்ல வச்சுத் தர்றேன்.

– பால் இல்லண்ணே. ஊத்திட்டேன். பின்னாடி ஒரு செடி வாடிக் கிடந்துச்சு.

– ஊத்திட்டியா? ஒரு சொட்டு சிந்தினாலே என்னோட சண்டைக்கு வருவியே புள்ள!

– தூசி விழுந்துடுச்சு. அது கிடக்கட்டும். அண்ணே, அந்த வெள்ளைப் பெட்டியைத் திறங்க. நான் அளந்து பாக்கறேன். ஒரு சாண்... ஒண்ணே முக்கால். இது ஆகாது. நீலத்தைத் திறங்க. ஒண்ணு... ரெண்டு... ரெண்டரை. இது சரியா இருக்கும்.

– பாட்டில் ஒரு சாண்கூட இல்ல புள்ள. ரெண்டரை சாண் பெட்டி எதுக்கு? ஐஸோட சேத்தா என்னால தூக்கவே முடியாது.

– பாறையைத் தூக்கறவன்தானே நீ. ஏண்ணே, போறப்ப போடுற ஐஸ் திரும்பி வர்ற வரைக்கும் நிக்குமா?

– திரும்பி வர்றதுக்கா?... அங்க ஒரு பாளம் வாங்கிப் புதுசா போட்டுட்டா நிக்கும்மா. கண்டிப்பா நிக்கும்.

– பஸ்ஸுல திறந்து காட்டச் சொன்னா?

– பூட்டு மாட்ட ஓட்டை இருக்கும்மா. பூட்டு நானே தர்றேன்.

– அண்ணே, நீங்க எதுக்கு இதுக்கெல்லாம் பதில் சொல்லிட்டு இருக்கீங்க? திரும்பி வர்றப்ப அது காலிப் பெட்டி புள்ள. காலிப் பெட்டிக்கு எதுக்கு ஐஸு, எதுக்குப் பூட்டு?

– காலியா வர்றதுக்கு நீ எதுக்குய்யா போகணும்?

– ...என்ன சொல்ற?

– நேத்துச் சாயங்காலம் நீ குளிக்கப் போனப்ப சார்ஜுல கிடந்த போன் அடிச்சுது, ஆஸ்பத்திரியிலேருந்து. நான்தான் எடுத்தேன். நீயா சொல்லுவேன்னு மூணு கடை ஏறி இறங்கிட்டேன். அழாதய்யா. அண்ணே, நீலப் பெட்டியே குடுங்க. வெள்ளையில வச்சா என் பிள்ளை காலை மடக்கணும்.