முன்னால் போகிறவர்

விடியற்காலை நாலரை. புறவழிச்சாலை. விளக்குக் கம்பம் நட்டிருந்தார்கள்... விளக்கு வரவில்லை.

சைக்கிளில் போனவர் என் நண்பனின் தங்கை கணவர். வயலோரம் ஒரு சாலை இருந்தது, அதில்தான் ஓட்டுவார். அங்கே அடுக்குமாடிகள் வந்தன. அடுத்த சாலையை லாரிகள் எடுத்துக்கொண்டன. மிஞ்சியது இதுதான். அதுவும் இருட்டில்தான்.

மனைவி நர்ஸ். ஆறு மணிக்கு டூட்டி. ஒன்றரை வயதுக் குழந்தை. இவர் வந்தால்தான் அவள் கிளம்ப முடியும். ஆனால் வீட்டுப் பக்கம் இறங்கும் வழியை முந்தின இரவு சிமென்ட் சுவர் வைத்து அடைத்திருந்தார்கள்.

மீதியெல்லாம் அவள் போனில் கேட்டது.

"எங்கங்க இருக்கீங்க?"

"சுவர் முடியவே மாட்டேங்குதும்மா... லாரிக்காரன் உரசிட்டுப் போறான். எதிர்காத்து வேற."

"எங்க அம்மா வீட்டுக்கு வரச் சொன்னா மட்டும் கால் வலிக்கும்!"

ஹாரன். இன்னொரு ஹாரன். பிறகு... காற்றின் இரைச்சல் அடங்கியது.

"காத்தே இல்ல. முன்னால ஒருத்தர் போறார். லைட்டுகூட இல்ல. ஒட்டிக்கிட்டேன்."

சைக்கிள்காரர்களின் வழக்கம் அது. முன்னால் போகிறவர் காற்றை வாங்கிக்கொள்வார். பின்னால் வருகிறவர் அந்தச் சக்கரத்தை மட்டும் பார்ப்பார். சந்தேகப்படக் கூடாது. முன்னவர் களைத்து முழங்கையை ஆட்டினால், பின்னவர் முன்னால் போக வேண்டும்.

"இடது பக்கம் கை காட்டுறார்."

"அங்க சுவருதானே?"

"அவருக்குத் தெரியாதா..."

லாரிச் சத்தம் அறுந்தது. தவளைகள் கத்தின.

"சேத்து வாசனை வருதும்மா. நம்ம பழைய ரோடு! பத்தே நிமிஷம்." அழுதுவிட்டாராம்.

அவள் சீருடையில், குழந்தையோடு, வாசலில் நின்றாள். ஆறு ஆனது. ஏழும் ஆனது. போனில் சக்கரச் சத்தம் மட்டும்... ஒன்றல்ல. நிறைய.

"பின்னாடி யாருங்க?"

"திரும்பிப் பார்க்கக் கூடாது. முழங்கையை ஆட்டுறார். களைச்சுட்டார் போல. இனி என் முறை."

காற்று மறுபடி இரைந்தது.

"நிறுத்துங்க! பாப்பா அழுவுறா!"

"எப்படிம்மா நிறுத்துறது? இத்தனை பேர் என்னை நம்பி வர்றாங்களே..."

தேடினார்கள். அவரும் இல்லை, சைக்கிளும் இல்லை. சுவரில் கீறல்கூட இல்லை.

அவள் அந்த அழைப்பைத் துண்டிக்கவே இல்லை. போன் சார்ஜரிலேயே கிடக்கிறது. நேற்று என் நண்பன் எடுத்துக் காதில் வைத்தான். எதிர்காற்று. மூச்சிரைப்பு.

"மாப்பிள்ளை..." என்றான்.

"ஒட்டியே வாங்க மச்சான். இதோ... வீடு வந்துடும்."