மொதல்ல நல்ல கால்

ஐஸா? இன்னொரு தடவ அந்த வார்த்தைய இந்த ரூமுக்குள்ள சொன்னே, எனக்குக் கெட்ட கோவம் வரும் தம்பி. ஐஸ் கம்பெனியில வேல பாக்கறோம்ங்கறதுக்காக எங்க அடிபட்டாலும் ஐஸத் தூக்கி வெச்சுடறதா? முட்டி வலியா, ஐஸு. பல்லு வலியா, ஐஸு. போன வாரம் லாரி டிரைவர் பொண்டாட்டியோட சண்ட போட்டுட்டு வந்து தல வலிக்குதுன்னான், அதுக்கும் ஒரு கட்டியத் தூக்கிக் குடுத்து அனுப்பறாங்க. அப்புறம் நான் எதுக்கு இருக்கேன்? கிரவுண்டு கேலரிக்கு அடியில இந்த ரூமு, இந்த டேபிளு, இந்த எண்ணெ பாட்டிலு... இதெல்லாம் அழகுக்கா? படு. குப்புறப் படு. மூஞ்சிய அந்த ஓட்டைக்குள்ள விடு. நம்ம கார்ப்பென்டர் வெட்டுனது, கொஞ்சம் கோணலா இருக்கும், மூக்க நீதான் பாத்து வெச்சுக்கணும்.

தாப்பாளா? அது காத்துக்குப் போட்டது. நீ எதுக்குக் கதவையே பாக்கற?

இல்ல, நான் கேக்கறேன்... பிராக்டீஸ்ல கால் பெசகிடுச்சு. சரி, பெசகும். கால்னு இருந்தா பெசகத்தான் செய்யும். பெசகுன ஒடனே எங்க வரணும்? இங்க வரணும். ஆனா ஒன்னப் பாத்தா, கோச்சு ஒன்ன கோல்ட் ரூமுக்குப் பின்னால, சாக்குக்கு நடுவுல ஒக்கார வெச்சிருக்காரு. ஏதோ திருடுன சாமான ஒளிச்சு வெச்ச மாதிரி! நான் ஏதோ டீக்குப் போனேன், பாத்தேன். இல்லன்னா ஒன் கதி என்ன ஆயிருக்கும், நெனச்சுப் பாரு.

நாளைக்கு மாவு மில்லுக்காரங்களோட ஃபுட்பால் மேட்ச்சு. நீ புதுசு, லோடிங்ல சேந்து ஒரு மாசம் ஆயிருக்குமா, ஒனக்கு அதோட அரும தெரியாது. நாளைக்குத் தோத்தோம்னா கீழ் டிவிஷனு. கீழ போனா டீமையே கலைச்சுடுவேன்னு மொதலாளி சொல்லிட்டாரு. கிரவுண்டுல லாரி நிறுத்தப் போறாராம். இந்த ரூம்ல டயர் அடுக்கப் போறாங்களாம். டயரு! நான் எத்தன காலத் தொட்ட டேபிளு இது... என்னத் திரும்ப கம்ப்ரஸர் பக்கம் அனுப்பிடுவாங்க. அங்க ஒரு மிஷினு இருக்கு, நாள் முழுக்க அது பேசும், நான் கேக்கணும். என்னால முடியாதுப்பா. எனக்கு மனுஷங்க வேணும்.

ம்... அப்படியே தளர விடு. எதுக்கு இப்படி வெறைச்சுக்கற?

வெளிய என்ன பேசிக்கறாங்கன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காத. எல்லாம் காதுல விழுது. 'அவரு கை பட்டா அவ்வளவுதான்'னு கேன்டீன்ல ஒருத்தன் சொல்றான். சொன்னவன் யாரு? நம்ம கேப்டன். அவன் எனக்கு எவ்வளவு கடமப்பட்டவன் தெரியுமா? எடது முட்டி வலின்னு நொண்டிக்கிட்டு வந்தான். நான் என்ன பண்ணேன்? மொதல்ல வலது கால எடுத்தேன். நல்ல காலு. 'அது இல்லண்ணே, இது'ன்னான். சும்மா இருடான்னேன். என் வேல அப்படித்தான் தம்பி, நீயும் தெரிஞ்சுக்கோ. எப்பவும் நல்ல கால்லேருந்துதான் ஆரம்பிக்கணும். ஏன்னா கெட்ட காலுக்கு என்ன செய்யணும்னு தெரியல, பாவம், அதான் அது வலிக்குது. பக்கத்துல நல்ல காலுக்கு நடக்கறதப் பாத்துச்சுன்னா, ஓஹோ, இப்படியான்னு அதுவே புரிஞ்சுக்கும். வீட்டுல ரெண்டு புள்ளைங்க இருந்தா படிக்கிற புள்ளைய மொதல்ல மெச்சறோம்ல? அது மாதிரி.

அன்னிக்குக் கொஞ்சம் ஆழமாப் போயிட்டேன்தான். இப்ப அவனுக்கு ரெண்டு முட்டியும் ஒரே மாதிரி இருக்கு. சுவத்தப் பிடிச்சுக்கிட்டு நடக்கறான். ஆனா ஒண்ணு கவனிச்சியா? நொண்டறதே இல்ல! நொண்டல்னா என்ன? ஒரு காலு நல்லா இருந்து ஒரு காலு கெட்டிருந்தாத்தான நொண்டுவான்? இப்ப ரெண்டும் சமம். அத யாராவது சொன்னாங்களா? சொல்ல மாட்டாங்க. கொற சொல்றதுக்குன்னா வரிசையில நிப்பாங்க.

என்ன முனகற? ஆமா, அதான் ஒன் நல்ல காலு. தெரியும். தெரிஞ்சுதான் பிடிச்சிருக்கேன். இப்பதான சொன்னேன், மண்டையில ஏறலையா?

அப்புறம் நம்ம கோல்கீப்பர். கதவுன்னு பேரு வெச்சிருக்கோம்ல, அவன். பேருதான் கதவு, எப்பவும் தொறந்தே கெடக்கும். அவன் எதுக்கு வந்தான்? சுண்டு வெரலு வீங்கிடுச்சுன்னு வந்தான். நான் கேட்டேன், ஏன்டா, வெரலு எங்கேருந்து வருது? கையிலேருந்து. கை எங்கேருந்து வருது? தோள்லேருந்து. அப்ப வைத்தியம் எங்க பண்ணணும்? தோளப் பிடிச்சு ஒரு சுத்து சுத்துனேன். வெரல் வலி போயிடுச்சுன்னு அவன் வாயாலேயே சொன்னான். 'வெரல் வலியே தெரியலண்ணே'ன்னான், கண்ணுல தண்ணி தண்ணியா ஊத்துது அவனுக்கு, சந்தோஷம். இப்ப கை தோளுக்கு மேல போகலன்னு ஒரு பேச்சு. போகலன்னா என்ன இப்ப? மேல வர்ற பந்து மேலயே போகட்டுமே, யாரு வேணான்னா? கீழ வர்றதப் பிடிக்கட்டும். அதுவே அவன் இதுவரைக்கும் பிடிச்சதில்ல.

தம்பி, இந்தா, இந்தத் துண்ட வாயில வெச்சுக் கடிச்சுக்கோ. நீ பாட்டுக்கு ஐயோ அம்மாங்கற, வெளிய கேட்டா தப்பா நெனப்பாங்க.

இரு... யாரோ தட்டறாங்க. கோச்சாத்தான் இருக்கும். அவரு தட்டுறதுல ஒரு அவசரம் இருக்கும். பேசாத... உள்ள யாரும் இல்ல சார்! நான் மட்டும்தான்! ஆமா சார், டேபிளுக்கு எண்ணெ போடறேன் சார், கிறீச் கிறீச்சுன்னு சத்தம் வருது! ...போறாரு. பாவம் மனுஷன். ஷிப்டு சூப்பர்வைசரு வேலையையும் பாத்துக்கிட்டு இந்தக் கூட்டத்தையும் கட்டி மேய்க்கணும். தூங்கியே பல நாளாயிருக்கும். இப்ப ஆளில்லாம கேன்டீன் சமையக்காரர கோலுக்குப் போட்டிருக்காரு. வாட்ச்மேன டிஃபென்ஸுல நிறுத்தியிருக்காரு. வாட்ச்மேனுக்குக் கண்ணு சரியாத் தெரியாது, பந்து வந்தா 'யாரது?'ன்னு கேப்பாரு. நான் ஒண்ணும் சொல்லல. எனக்கு என்ன, நான் தேய்க்கிற ஆளு.

ஆனா எல்லாரும் என் மேல ஒரேயடியாப் பாஞ்சது எப்பத் தெரியுமா? நம்ம ஃபார்வர்டு விஷயத்துலதான். புல்லட்டு. ஒனக்கு முன்னாடி இந்த டீம்ல ஓடத் தெரிஞ்சவன் அவன் ஒருத்தன்தான். அவன் ஒண்ணும் வலின்னு வரல, அது உண்ம. கத்திரிக்கோல் இருக்காண்ணேன்னு கேட்டுட்டு உள்ள வந்தான். நான் எடுத்துக் குடுத்தேன். குனிஞ்சு நகத்த வெட்டுனான். முதுகு தெரிஞ்சுது. ஐயோ, என்ன முதுகு தம்பி அது! அத அப்படியே விட்டுட்டு எப்படி இருக்கறது? ஒனக்கு மனசு வருமா சொல்லு? நீயும் என் எடத்துல இருந்தா கைய வெச்சிருப்ப. ஒரே ஒரு அழுத்து. பக்கத்து ஷெட்டுல ஐஸ் பாளம் ஒடைஞ்சுதுன்னு நெனச்சேன். அப்புறம் பாத்தா அவன் முதுகு.

அதுலேருந்து அவன் கழுத்து வலப் பக்கம் திரும்புனது திரும்புனபடியே இருக்கு. நல்லாத்தான் இருக்கான், சாப்பிடறான், தூங்கறான். எடப் பக்கம் பந்து வந்தா யாராவது கூப்புட்டுச் சொல்லணும், அவ்வளவுதான். அதுக்குப் போயி அவங்க அம்மா இந்த ரூம் வாசல்ல நின்னுக்கிட்டு என்ன வாய்க்கு வந்தபடி... என் பரம்பரையவே இழுத்துட்டாங்க. நான் பொறுத்துக்கிட்டேன். வயசானவங்க. போகும்போது அவங்க நடையப் பாத்தேன், இடுப்புல ஒரு பிடிப்பு இருக்கு. 'அம்மா, ஒரு நிமிஷம் ஒக்காருங்க'ன்னேன். அந்த ஓட்டம் ஓடுனாங்க!

சிரிக்கறியா, அழறியா? துண்டு இருக்கறதுல ஒண்ணும் தெரிய மாட்டேங்குது.

வீட்டுலயும் இதே கததான். என் பொண்டாட்டிக்கு ரெண்டு நாளா தோள் வலி. நான் கைய நீட்டுனாப் போதும், 'எனக்கு ஒண்ணும் இல்ல, எனக்கு ஒண்ணும் இல்ல'ன்னு அடுப்படிக்குள்ள போயிடறா. துணி காயப் போட கை ஒசத்த முடியல, பல்லக் கடிச்சுக்கிட்டு ஒசத்தறா, எங்கிட்ட மட்டும் காட்ட மாட்டா. மச்சான் வந்தா என் முன்னாடி நிமிந்து நடக்கறான், தெரு முனை தாண்டுனதும் இடுப்பப் பிடிச்சுக்கறான். நான் மாடியிலேருந்து பாத்துட்டுத்தான இருக்கேன். கஷ்டமா இருக்கும் தம்பி. கை நெறைய வித்தய வெச்சுக்கிட்டு, தொட ஆளில்லாம ஒக்காந்திருக்கறது இருக்கே... சும்மா சொல்லக் கூடாது, மனசு விட்டுப் போயிடும். நேத்து கோச்சு வந்து, 'மேட்ச்சு முடியற வரைக்கும் யாரையும் தொடாதீங்க, ஒங்களக் கையெடுத்துக் கும்புடறேன்'ன்னாரு. நெசமாவே கும்புட்டாரு. அப்படிக் கும்புடறப்ப அவரு மணிக்கட்டப் பாத்தேன், லேசா ஒரு வீக்கம்... சரி விடு.

அதனாலதான் ஒன்னக் கூட்டிக்கிட்டு வந்தேன். ஒன்ன நான் சரி பண்ணி அனுப்புனா, நீ நாளைக்கு நாலு கோல் போட்டா, அப்ப பேசுவாங்களா? எங்க, அப்ப வாயத் தொறக்கட்டும் பாப்போம். மொதலாளியே வந்து கை குடுப்பாரு. டயரெல்லாம் வேற எடம் பாத்துக்கட்டும். எனக்கு ஒன்ன விட்டா ஆளில்ல தம்பி. அந்த டீமுக்கும் ஒன்ன விட்டா ஆளில்ல. அதான் உண்ம.

சரி, இப்ப நல்லாக் கேளு. நல்ல காலுக்குக் கடைசியா ஒரு இழுப்பு இருக்கு. அதுதான் முக்கியம். அத முடிச்சுட்டுத்தான் அந்தக் காலுக்கு வருவோம். குதிகாலையும் முட்டியையும் பிடிச்சுக்குவேன். ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு சொல்லுவேன். சொல்லுவேன்தான், ஆனா ரெண்டுலயே இழுத்துடுவேன். மூணு வரைக்கும் விட்டா ஒடம்பு உஷாராயிடும். புல்லட்டு உஷாரானதுனாலதான் அப்படி ஆச்சு. நீ எதையாவது நல்லதா நெனச்சுக்கோ. கட்டிக்கப் போற பொண்ணு கிண்ணு இருந்தா அத நெனச்சுக்கோ.

ஒண்ணு...

ஏய்! ஏய், எங்க போற? துண்டு! துண்ட எடுத்துட்டுப் போறியே! கதவு... அட, தாப்பாள அப்படியே பிச்சுட்டான்யா! தம்பி, இன்னும் அந்தக் காலத் தொடவே இல்லடா!

வாங்க சார். உள்ள வாங்க. இடிச்சுட்டானா? இல்ல சார், திட்டறதெல்லாம் அப்புறம் திட்டிக்கோங்க, மொதல்ல இந்த ஜன்னல்கிட்ட வந்து பாருங்க. ஓடறான் பாருங்க! என்ன ஓட்டம்! சாக்கு மேல ஒக்கார வெச்சிருந்தீங்களே, நடக்க முடியலன்னு சொன்னீங்களே, எங்க சார் நொண்டல்? காட்டுங்க! ஐஸ் வண்டியத் தாண்டிட்டான் சார், தாண்டவே வேண்டாம், சுத்திக்கிட்டுப் போயிருக்கலாம், தாண்டறான்! நான் சொன்னேன்ல? நல்ல காலப் பாத்தே அது கத்துக்கிச்சு. எறக்குங்க சார் நாளைக்கு, தைரியமா எறக்குங்க. ஒரு சுத்து சுத்திட்டு வந்துடுவான்.

வாசல் கேட்டுப் பக்கம் எதுக்குப் போறான்?

...பஸ்ஸு சார். போற பஸ்ஸுல ஏறிட்டான். ஏறி உள்ள போயி... சீட்டுக்கு அடியில குனியறான் சார். செருப்பு இங்க கெடக்கு. செருப்புக்காவது வருவான் சார். வர மாட்டானா? ...நீங்க ஒக்காருங்க சார், டேபிள்ல ஒக்காருங்க. இல்ல இல்ல, தொடல, சத்தியமாத் தொடல, கைய பின்னால கட்டிக்கிட்டேன் பாருங்க.

சார், நான் வேணும்னு பண்ணுவனா? ஒவ்வொருத்தன் காலையும் என் சொந்தக் காலு மாதிரிதான் சார் நெனைக்கறேன். எனக்குப் புள்ள குட்டி கெடையாது, இவனுங்கதான். நெஞ்சு வலிக்குது சார் எனக்கு. நெசமாத்தான். இனிமே யாரு ஆடுவா? கணக்குப்பிள்ளயக் கேளுங்களேன். வயித்துப் போக்கா? அவரே சொன்னாரா? பம்ப் ஆப்பரேட்டரு? அவன எப்பத் தொட்டேன் நான்? ...ஓ, அந்தக் கழுத்து.

என்ன சார் இது? ஜெர்ஸிய எதுக்கு எங்கிட்ட நீட்டறீங்க? தொவைக்கணுமா?

நானா!

சார், ஆள் கொறைஞ்சா ஆடாமலேயே தோத்ததா எழுதிடுவாங்கன்றது புரியுது சார். ஆனா நான் இத்தன வருஷத்துல ஒரு மேட்ச்சு கூடப் பாத்ததில்ல. நான் வெளிய வந்து நின்னா எவனாவது விழறான்னு நீங்கதான என்ன இந்த ரூம்லயே ஒக்கார வெச்சீங்க? ஜன்னல் கிரவுண்டப் பாத்து இல்ல, வாசல் கேட்டப் பாத்துத்தான் இருக்கு. மேல கேலரியில மிதிக்கற சத்தத்த வெச்சுத்தான் ஜெயிச்சமா தோத்தமான்னே கண்டுபிடிப்பேன். எனக்கு ஒங்க பசங்க மூஞ்சி கூட சரியாத் தெரியாது சார், கெண்டக்கால காட்டுனாத்தான் இன்னார்னு சொல்லுவேன். இந்தத் தொப்பைய வெச்சுக்கிட்டு...

வேற யாருமே இல்லையா சார்?

சரி. குடுங்க. டயர் அடுக்க விட முடியாது. போட்டுக்கறேன். இழுத்து விட்டா எறங்கிடும், குடுங்க... சார், ஒண்ணே ஒண்ணு. யாரு முன்னாடியும் கேக்க வெக்கமா இருக்கும், இப்பவே கேட்டுடறேன். காலையில கொஞ்சம் முன்னாடியே வந்துடுங்க. வந்து, எந்தக் கோலு நம்மளுதுன்னு மட்டும் காட்டிடுங்க.