ஒன்பதாம் எண் பிஸ்டலைத் தடுத்தவருக்கு

துருவும் தூசியும் தொடாமல் ஆயுதக் கிடங்கை முப்பத்தோராண்டு காத்தவரே! துப்பாக்கி விசைகளின் குணமெல்லாம் விரல் நுனியில் அறிந்தவரே! "விரல் வாத்தியார்" என்று நாங்கள் அழைக்கும் தலைமை ஆர்மரர் எனும் துப்பாக்கிப் பராமரிப்பாளர் அவர்களே! உங்கள் பணி ஓய்வு விழாவில் எங்கள் வணக்கம்.

"வெரல வெளிய நீட்டுய்யா, விசை என்ன காலிங் பெல்லா?" என்று நீங்கள் அதட்டி அதட்டி, தேநீர் குடிக்கும்போதுகூட எங்கள் சுட்டுவிரல் விறைத்தே நிற்கிறது.

ரிவால்வரின் விசை, தோட்டாவைத் தட்டும் சுத்தியலைத் தானே பின்னுக்கு இழுத்து, தானே விடுவிக்கும். ஆகவே இழுப்பு நீளம், கனம். புதுரகப் பிஸ்டலில் சுத்தியல் இல்லை. உள்ளே பாதி இழுபட்டிருக்கும் ஊசியை விசை மீதியும் இழுத்து விடும். நம் பழைய பிஸ்டலிலோ, கையால் இழுத்து நிறுத்திய சுத்தியலை ஒரு சிறு கொக்கி பிடித்திருக்கும். விசை அதை விலக்கும், அவ்வளவே. எங்களுக்கு இத்தனையும் சொல்லித் தந்தவர் நீங்கள்.

ஒன்பதாம் எண் பிஸ்டலில் அந்தக் கொக்கி தேய்ந்திருந்தது. கட்டைவிரலால் தள்ளினாலே சுத்தியல் விழுவதைக் காட்டி, சிவப்புச் சீட்டுக் கட்டினீர்கள். "இத யாருக்கும் குடுத்துடாதீங்கப்பா" என்று கெஞ்சிவிட்டு, மகள் பிரசவத்துக்காக விடுப்பில் போனீர்கள்.

மறுநாள், இதோ மேடையில் மாலையோடு காத்திருக்கும் அதிகாரி கேட்டார்: "பயிற்சிக்குப் பன்னெண்டு வேணும். சீட்டு சுடுமா, பிஸ்டல் சுடுமா? அவுத்துக் குடு."

அவிழ்த்துக் கொடுத்தோம். சுடுதளத்தில் சுத்தியலை இழுத்து நிறுத்தியதுமே அது வழுக்கி விழுந்தது. விசையில் எவர் விரலும் இல்லை. பக்கத்தில் நின்ற ஓட்டுநரின் முழங்கால் போயிற்று.

"சீட்டு இருந்ததா?" என்று விசாரணையில் கேட்டார்கள். "கவனிக்கலீங்கய்யா" என்றோம், நால்வரும் ஒரே குரலில். அன்று எங்களுக்கு வேலை மிஞ்சியது. உங்கள் பணிப்பதிவேட்டில் "சோதிக்கத் தவறியவர்" என்று ஏறியது. நீங்கள் எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் ஐயா! அடித்திருக்கலாம்!

அந்தப் பதிவை எதிர்த்து மேல்முறையீடு செய்ய நாளை கடைசி நாள். இந்த மடலைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டாதீர்கள், மனுவோடு இணையுங்கள். பேத்தியைத் தூக்கிக்கொண்டு நெடுநாள் நலமாக நடமாடுங்கள். எங்களை மன்னிக்கும் வேலையும் உங்களுக்கு வேண்டாம்.

பார்த்ததைப் பார்த்தோம் என்று, பணி எண்ணோடு கையொப்பமிடுவோர்:
கிடங்குக் காவலர்
பதிவேட்டு எழுத்தர்
சுடுதளக் காவலர்கள் இருவர்