மந்திரி நடக்கிற அழகு

ஹலோ... ஹலோ, சொல்லும்மா. அப்பாதான்... ஆமா, வெளியதான் இருக்கேன். மந்திரியைக் கூட்டிக்கிட்டு நடக்க வந்தேன்... மூச்சா? எனக்கு எங்கம்மா மூச்சு வாங்குது. காத்து அடிக்குது, போன்ல அப்படித்தான் கேக்கும்.

...யாரு சொன்னா?... மருந்துக் கடைக்காரரா? அவருக்கு வேற வேலையே இல்லையா. விழுந்தது யாரு? நான் உக்காந்தேன்... ஆமா, ரோட்டுலதான். உக்காரணும்னு தோணுச்சு, உக்காந்தேன்... முட்டி லேசா உரசிடுச்சு, அவ்வளவுதான். பஞ்சு கேட்டதுக்கு அந்த மனுஷன் மகளுக்கே போன் போட்டுட்டாரு பாரு.

ஆமா... ஆமாம்மா... சரி, நான் பேசட்டுமா? இன்னொரு தடவை இழுத்துத் தள்ளுச்சுன்னா நாயை யாருக்காவது குடுத்துடணும்னு நீ சொன்னே. நானும் தலையாட்டினேன். இல்லைங்கல. ஆனா இப்ப அது தங்கமா மாறிடுச்சும்மா. என் கால் ஓரமாவே அடக்க ஒடுக்கமா நடந்து வருது. மந்திரி நடக்கிற அழகை நீ வந்து பாக்கணும்...

டேய். டேய் டேய். நில்லுடா.

...உன்னை இல்லம்மா. சைக்கிள்ல ஒருத்தர் குறுக்க வந்தாரு... தெரிஞ்சவர்தான், டேய்னு கூப்பிடலாம்... என்ன சத்தம்? 'டப்'புன்னா? செருப்புல கல்லு மாட்டிக்கிச்சு, காலைத் தட்டினேன்... மறுபடியும் கேட்டுச்சா? மறுபடியும் கல்லு. இந்த ரோடே அப்படித்தான்.

நீ வீணாக் கவலைப்படறே. ஆயுசு பூரா கார் ஓட்டக் கத்துக்குடுக்கறவன் நான். பிரேக்னு சொன்னா ஆக்ஸிலேட்டரை மிதிக்கறவங்களை எல்லாம் பக்கத்துல உக்காந்து சமாளிச்சிருக்கேன். இந்த நாலு காலைச் சமாளிக்க மாட்டேனா?

...என்ன?... மாப்பிள்ளையா? என்ன சொன்னாரு?... ஓ... உங்க குடியிருப்புல நாய் வெச்சுக்கலாம்னு சொல்லிட்டாங்களா... ஒழுங்கா நடக்கற நாயா இருந்தா மட்டும்... ம்... ஞாயித்துக்கிழமை வண்டி எடுத்துக்கிட்டு வர்றீங்களா... ம்... கூட்டிட்டுப் போக...

இல்லம்மா, கேக்குது. லைன் நல்லாத்தான் இருக்கு.

சந்தோஷம்தான். உன் நாய்தானே. துண்டுல சுத்தி எடுத்துக்கிட்டு வந்தவளே நீதான். வீட்டுக்குள்ள ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்னு கத்தினவன் நான்... ஆமா, கத்தினேன். மறக்கல.

...அது வந்து... ஒரு விஷயம்மா. அவ்வளவு ஒழுங்கான நாய்னும் சொல்லிட முடியாது... தங்கம்னு சொன்னேன்தான். அது ஒரு பேச்சுக்குச் சொன்னது... விழுந்தேன்மா. குப்புற விழுந்தேன். மருந்துக் கடை வாசல்லயேதான். எதிர்ல ஒரு பூனை உக்காந்திருந்தது, அது சும்மாதான் உக்காந்திருந்தது, நம்ம மந்திரிக்குப் பொறுக்கல.

இரு, கோபப்படாதே. முழுசாக் கேளு. இது உங்க குடியிருப்புக்கெல்லாம் லாயக்குப்படாது. லிஃப்ட்ல வர்றவங்களை எல்லாம் இழுத்துப் போட்டுடும். தினமும் மந்திரி முன்னாடி போறாரு, நான் அவருக்குக் காவலுக்கு வந்தவன் மாதிரி பின்னாடியே ஓடறேன். தெருவே நின்னு வேடிக்கை பாக்குது.

...நாய் பழக்கற டிரெய்னர்கிட்டயும் போனேனே. அவர் சரியாத்தான் சொன்னாரு. இழுத்தா கம்பம் மாதிரி நின்னுடுங்க, கயிறு தளர்ந்தப்புறம் நடங்க, பக்கத்துலயே நடந்து வந்தா ஒரு பிஸ்கட் குடுங்கன்னு. எனக்குத்தான் தொழில் புத்தி போகலையே. பழகற காருல என் பக்கமும் ஒரு பிரேக் இருக்குமில்ல? ஓட்டறவங்க தப்புப் பண்ணா என் வலது கால் தானா மிதிக்கும். அதே கால் ரோட்டுலயும் மிதிச்சிடுச்சு. இது இழுத்துது, நான் 'டப்'புன்னு மிதிச்சேன், அது நின்னு திரும்பிப் பாத்துது. அட, பிரேக் பிடிக்குதேன்னு எனக்கு ஒரே பெருமை. பிஸ்கட் குடுத்துட்டேன். அப்புறம் ஒவ்வொரு தடவையும் குடுத்தேன்...

சிரிக்காதே... ஆமா... ஆமா, அதேதான். பிஸ்கட் வேணும்னா இழுக்கணும்னு அது கத்துக்கிச்சு. இழுத்தா கிழவன் காலை மிதிப்பான், பைக்குள்ள கையை விடுவான். டிரெய்னர் பாத்துட்டு, "சார், பயிற்சி நல்லாத்தான் நடந்திருக்கு, ஆனா நாய்தான் வாத்தியார்"னுட்டாரு... ஆமாம்மா, அந்தச் சத்தம் இதுதான். கல்லும் இல்ல, மண்ணும் இல்ல.

...என்னது? அப்படின்னா கண்டிப்பா கூட்டிட்டுப் போயிடணுமா?... நான் மறுபடி விழுந்துடுவேன்னா?... நல்லா நடந்தாலும் உன்கிட்ட, நடக்கலைன்னாலும் உன்கிட்டயா? இது என்னம்மா நியாயம்.

...

எதுக்கா? எனக்கு அது வேணும்மா. அதுக்குத்தான்... சாயங்காலம் கிளாஸ் முடிச்சுக் கதவைத் திறந்தா, எழுந்து வர்ற ஜீவன் அது ஒண்ணுதான். முன்னெல்லாம் நீ வருவே... உன்னைக் குத்தம் சொல்லல. கல்யாணம் பண்ணிக் குடுத்தவனே நான்தானே. வீடு அப்படிக் கிடந்துச்சு, சொல்றேன்... அழல. காத்தும்மா.

ஹலோ?... இருக்கியா?... ம்... ம்... ஞாயித்துக்கிழமை நீயே கயிறைப் பிடிச்சு நடந்து பாக்கறியா... இழுத்துச்சுன்னா அங்க சேத்துக்க மாட்டாங்க, அதனால என்கிட்டயே விட்டுடுவே... நான் விழாம இருக்க, அதுக்கு நெஞ்சோட மாட்டற பெல்ட் வாங்கிட்டு வர்றியா... சரி... சரிம்மா. இழுக்கலைன்னா கூட்டிட்டுப் போயிடுவே. ஒத்துக்கறேன். அது எங்க இழுக்காம இருக்கப் போகுது.

என்னடா?... எதுக்கு இங்க வந்து உக்காந்தே?... கயிறு தொங்குதேடா. ஓ... இவ்வளவு நேரம் நான் காலைத் தட்டாம நின்னுக்கிட்டே இருந்தேன், அதுக்கா?... எழுந்திரு. நட பாக்கலாம்... போடா முன்னாடி... பக்கத்துலயே வர்றியே. அடப் பாவி, இன்னைக்குத்தான் உனக்குப் புத்தி வரணுமா.

...யார்கிட்டயும் இல்லம்மா. நடந்துக்கிட்டிருக்கேன்... நாயா? இழுக்குதும்மா. என்னமா இழுக்குது தெரியுமா. கை பிஞ்சுடும் போல இருக்கு. மூச்சு வாங்குது, பேசக்கூட முடியல...

...'டப்'புன்னு சத்தம் வரலையா?... இரு...

இப்பக் கேட்டுச்சா? சரி, வெச்சுடறேன்.