முனகல் நீக்கப்பட்டது

கண்டக்டர் என்றால் டிக்கெட் கொடுப்பவர் என்றே என் மாமியார் கடைசிவரை நம்பினார். "ஜனங்களுக்கு முதுகக் காட்டிட்டு நின்னு கைய ஆட்டுறாரு, இதுக்குப் போய் இவ்வளவு கைதட்டலா?" என்பார். நானும் சிரித்துவைப்பேன்.

அவர் சொன்ன அந்தக் கண்டக்டர்தான் எங்கள் பெரியவர்; அவரிடம் இருபத்தாறு வருடம் ஒலிப்பதிவாளராக இருந்தேன். நூறு பேர் இசைக்குழுவையும் நடத்துவார், பியானோவில் தனியாகவும் உட்காருவார், இரண்டிலும் சோடை போனதில்லை. ஒரே குறை, வாசிக்கும்போது முனகுவார். மைக் அதையும் விடாமல் வாங்கிக்கொள்ளும். ஒவ்வொன்றாக வெட்டியெடுத்து, குறிப்பேட்டில் 'முனகல் நீக்கப்பட்டது' என்று எழுதி எழுதியே எனக்குக் கை ஓய்ந்துவிட்டது.

அவருடைய எல்லாப் பதிவுகளையும் அறுபத்திரண்டு இசைத்தட்டுகளாக ஒரே பெட்டியில் வெளியிட ஏற்பாடானது. ஒரே ஒரு பியானோ உருப்படி மட்டும் பாக்கி. இதய மருத்துவர் ஒரு மணி நேரம்தான் என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார். சிவப்பு விளக்கு எரியும்போது பதிவுக்கூடத்தின் கதவை யாரும் திறக்கக் கூடாது. அது பெரியவரே போட்ட சட்டம்.

ஒன்பதாவது நிமிடத்தில் முனகல் கேட்டது. கூடத்துக்கும் என் அறைக்கும் நடுவிலிருந்த கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். முகம் வெளிறியிருந்தது. இடது கை ஒரு கணம் மார்புக்குப் போய்த் திரும்பியது, வலது கை நிற்கவில்லை. பாதியில் விடுவது அவர் ரத்தத்திலேயே கிடையாது. அப்படி ஒரு வாசிப்பை அவரிடமே நான் கேட்டதில்லை. கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன். இன்னும் நான்கு நிமிடம்தான் இருந்தது. நான் எழுந்திருக்கவில்லை.

முடித்தார், சரிந்தார். கம்பிகளின் அதிர்வு அடங்கப் பதினோரு நொடி பிடித்தது. அடங்கியதும் பதிவை நிறுத்திவிட்டுப் போய்க் கதவைத் திறந்தேன்.

"கடைசியா ஏதாவது சொன்னாரா தம்பி?" என்று அவர் மனைவி கேட்டார்கள்.

"இல்லம்மா. வாசிச்சுக்கிட்டே போயிட்டாரு."

அந்த அம்மாவுக்கு அதில் ஒரு நிம்மதி. பெட்டி வெளியானதும் விமர்சகர்கள் கடைசி இசைத்தட்டைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள்.

அந்த ஒன்பதாவது நிமிடத்திலிருந்து வெட்டியெடுத்த துண்டை அன்றே அழித்திருந்தால், விசாரிக்க வந்த உங்கள் கையில் சிக்கியிருக்காது. மனசு வரவில்லை, அவர் குரலாயிற்றே. நீங்கள்தான் போட்டுக் கேட்டீர்களே, அது முனகல் இல்லைதான். "தம்பி, கதவத் திற. முடியல." எனக்கும் அன்றைக்கே தெளிவாகத்தான் கேட்டது. குறிப்பேட்டில் வழக்கம்போல எழுதிவிட்டேன்.

எதையும் மறுக்கவில்லை சார். ஆனால் ஒன்றை நீங்கள் கவனிக்க வேண்டும். கதவைத்தான் திறக்கச் சொன்னார். பதிவை நிறுத்தச் சொல்லவில்லை.