நூறடி நிழல்

— பெட்ல ஒக்காராதடா. மைன்ஸ் கரி ஒட்டுச்சின்னா எங்கம்மா என்னைத்தான் கொல்லும். கீழ ஒக்காந்து பாரு.

— சரிங்க கோபி அண்ணா. மண்டி போட்டுக்கறேன். மவுஸ் எட்டுது.

— பேரு பெரியண்ணன், என்னைக் கூப்புடறது அண்ணா. ஒங்கப்பன் தெரிஞ்சுதான் வெச்சானா?

— எங்க வூட்ல மூத்தவன் நானுங்க. கேம்ல இந்தச் செவுத்து நெழலதான சொன்னீங்க?

— ஆமா. பாரு, ரம்பம் மாதிரி பல்லு பல்லா. நாளைக்குக் காலையில பத்து மணிக்குப் பண்ருட்டி பசங்களோட இந்தத் துப்பாக்கி கேம்ல மேட்ச். கிளப் ஹால்ல பெரிய திரை கட்டி டவுன்ஷிப்ல நம்ம மொத்த பிளாக்கும் பாக்கப்போவுது. இந்த அசிங்கத்தோடயா ஆடுறது?

— ஒன்னொன்னா மாத்தி, பாத்து, நோட்டுல எழுதிக்கினே போறேங்க. ரெண்ட சேத்து மாத்தினா எது சரி பண்ணுச்சின்னு தெரியாது.

— சாயந்திர காலேஜ்ல இதான் சொல்லித் தராங்களா? பகல்ல மைன்ஸ்ல கான்ட்ராக்ட் வேலை, சாயந்திரம் காலேஜ். எதுலயுமே நீ பர்மனென்ட் இல்ல போல.

— எனக்கே சந்தேகம்தாங்க, நான் செய்யறது சரியா தப்பான்னு. இருங்க, நெழலோட தரத்த ஏத்திட்டேன். ஓடிப் பாருங்க.

— நெழல் பரவால்ல. ஆனா ஆளு திக்கித் திக்கி ஓடுறான், கல்யாணச் சாப்பாடு சாப்ட்டவன் மாதிரி.

— கம்ப்யூட்டர்ல கிராபிக்ஸ் கார்டு தாங்கல. எறக்கிடறேன்.

— நெழல மொத்தமா ஆஃப் பண்ணித் தொலைச்சிடாத. பண்ருட்டி பசங்க எப்பவும் அந்தத் தண்ணி டேங்க் மேலதான் படுப்பானுங்க. ஆளு தெரியமாட்டான், அவன் நெழல் மட்டும் தரையில விழும். அத வெச்சுதான் நான் அடிக்கறதே.

— அது நான் காட்டுனதுங்கண்ணா.

— எவன் காட்டினா என்ன? அடிக்கறது யாரு?

— நீங்கதாங்க. கேம்ல நாம நின்னு சுடற எடத்துலேர்ந்து அந்த டேங்க் நானூறு அடி. அதையும் நோட்டுல எழுதி வெச்சிருக்கேன்.

— எழுதி பூஜை பண்ணு.

— அண்ணா, ஒன்னு கேக்கறேன். டீம்ல எம்பேரு குடுத்துட்டீங்களா? மூணு மாசமா வடக்குத்துலேர்ந்து தெனம் சைக்கிள் மிதிச்சிக்கினு வந்து ஒங்க அஞ்சு மெஷினையும் பாத்துக்கறேன். ஒரு தடவ அந்த ஹால்ல, டவுன்ஷிப் டீம்னு ஒக்காந்து ஆடணும். அவ்ளோதாங்க.

— குடுத்தாச்சுடா. அஞ்சாவது ஆளு நீதான்.

— நெசமாவா?

— எங்கம்மா மேல சத்தியம்.

— ம். அப்ப வேற வழி ஒன்னு இருக்குங்க. நெழலுங்கறது தோசை மாவு மாதிரி. ஒரு கரண்டிய ஊத்திட்டு கல்லு முழுக்க இழுத்தா பிய்யும். சின்னதா ஊத்தினா ஓரம் சுத்தமா வரும். இதுல ஆயிரம் அடி தூரம் வரைக்கும் நெழல இழுத்து வெச்சிருக்கு. நான் நூறா கொறச்சிட்டேன். ஒங்க காலடியில பாருங்க.

— டேய். பிளேடு போட்டு வெட்டின மாதிரி இருக்கு. திக்கவும் இல்ல.

— ஆனா அண்ணா, நூறடிக்கு அந்தாண்ட நெழலே—

— அந்தாண்ட எந்த மயிரு இருந்தா எனக்கென்ன? லெக்சர் அடிக்காத. இதையே மத்த நாலு மெஷின்லயும் போட்டுடு.

— பென் டிரைவ்ல எடுத்துக்கினேன். போற வழியில அவங்க வூட்ல போட்டுடறேன். அப்புறம் யாரும் எதையும் தொடாதீங்க. கலைஞ்சிடும்.

— எவன் தொடப் போறான்? சேவ் பண்ணிட்டியா?

— பண்ணிட்டேங்க.

— அப்ப சொல்லிடறேன், மூஞ்சத் தூக்காத. லிஸ்ட்ல ஒன் பேரு இல்ல. குவார்ட்டர்ஸ் நம்பர் இருக்கறவன்தான் ஆடணும்னு கிளப் ரூல். ஒனக்கு ஏதுடா நம்பர்?

— அம்மா மேல சத்தியம் பண்ணீங்களே.

— எங்கம்மா கல்லு மாதிரி இருக்கு, ஒன்னும் ஆவாது. வேலை முடியற வரைக்கும் ஒன்னை ஒக்கார வெக்கணும்ல? காலையில மானிட்டர் தூக்க ஆளு வேணும். வந்தா ரெண்டு இட்லி உண்டு. என்னடா, அழுவுறியா?

— இல்லீங்க. லிஸ்ட்ட மத்தியானமே கிளப் போர்டுல பாத்துட்டேன். பாத்துட்டுத்தான் இங்க வந்தேன்.