எஞ்சின் பக்கம் வைத்த பம்பு

காரில் பெட்ரோல் பம்பை எங்கே வைப்பது என்று யார் கேட்டாலும் நான் ஒரே பதில்தான் சொல்வேன் சார். டேங்குக்குப் பக்கத்தில், தாழ்வாக, காற்றுப் படும்படி. எலெக்ட்ரிக் பம்புக்குத் தள்ளத்தான் தெரியும், உறிஞ்ச வராது. கோவில்பட்டியில் என் பட்டறைக்கு வருகிற எல்லோருக்கும் இதைச் சொல்லியிருக்கிறேன். முத்துசெல்வத்துக்கும் சொல்லியிருக்கிறேன்.

அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை நாங்கள் இருவரும்தான் கண்டுபிடித்தோம். கயத்தாறில் ஒரு லாரி ஷெட்டுக்குப் பின்னால், சீமைக்கருவேலத்துக்குள் கிடந்தது. பழைய இங்கிலாந்து வண்டி, இரண்டே சீட்டு. அவனுக்குத் தீப்பெட்டி ஆபீஸும் அதில் வரும் பணமும் இருந்தன, எனக்குக் கைவேலை இருந்தது. ஒரே வகுப்பில் படித்தவர்கள். ஞாயிற்றுக்கிழமையானால் என் பட்டறையில்தான் கிடப்பான். நான் கார்புரேட்டரைக் கழற்றுவேன், அவன் டார்ச் பிடிப்பான்.

மதுரையில் பழைய கார் கண்காட்சியில் அதற்கு முதல் பரிசு கிடைத்தது. "ஒவ்வொரு ஸ்குரூவும் நானே முடுக்குனது" என்று மேடையில் சொன்னான். பக்கத்தில் நின்ற என்னை யாரென்று ஒருவர் கேட்டார். "நம்ம டிரைவர்" என்றான். நான் வருத்தப்படவில்லை. வண்டியை ஊருக்கு ஓட்டி வந்ததும் நான்தான்.

பிறகு ஒருநாள் பம்பு பழுதாகி வந்தான்.

"ஏலே மாயா, பின்னால வச்சா கரிசல் சேறு அப்பிரும். எஞ்சின் பக்கமே வையி."

வழக்கமாகச் சண்டை போடுவேன். அன்று சரி என்றேன். இடம் அவன் சொன்னது. பம்பு நான் தேர்ந்தது. பழைய கார்புரேட்டருக்குப் பச்சைப்பிள்ளைக்குப் புகட்டுவதுபோல மெதுவாகக் கொடுக்க வேண்டும். நான் மாட்டியது புது மாடல் காரிலிருந்து கழற்றிய பம்பு. அந்த வேகத்தைக் கார்புரேட்டர் தாங்காது, பொங்கி வழியும். வழிந்தால் கீழே கொதிக்கிற புகைக்குழாய்மேல்தான் சொட்டும் என்பதையும் பார்த்தே வைத்தேன்.

மறுநாள் காலையில் அவன் மனைவி சுதாராணி போன் செய்தார்.

"அண்ணாச்சி, வண்டியில பெட்ரோல் வாடை அடிக்குதே, அவிய எடுத்துட்டுப் போவலாமா?"

"பழைய வண்டின்னா அப்படித்தாம்மா இருக்கும். தைரியமா போவச் சொல்லுங்க."

கழுகுமலை ரோட்டில் அவன் தனியாகப் போனான். நான் பைக்கில் பின்னால் போனேன். நடுரோட்டில் வண்டி நின்று அவன் அவமானப்பட வேண்டும், அவ்வளவே நினைத்தேன் என்று நேற்று உங்களிடம் சொன்னேன். அது பொய். நின்றுபோகும் வண்டி என்றால், சீட்டுக்கடியில் இருந்த தீயணைப்புக் கருவியை நான் ஏன் கழற்றி எடுக்க வேண்டும்?

பருத்திக்காட்டு வளைவில் புகை வந்தது, உடனே தீ. அவன் சீட் பெல்ட்டின் பூட்டு சிக்கிக்கொள்ளும்; வெளியே நின்று ஒருவர் அழுத்தினால்தான் விடும். எப்போதும் நான்தான் விடுவிப்பேன்.

"மாயா, பெல்ட்ட எடுலே" என்றான். தெளிவாகக் கேட்டது.

நான் கதவுப் பக்கம் போகவில்லை. பானட்டைத் திறந்து, இரண்டு கையாலும் மண்ணை அள்ளி எஞ்சின்மேல் போட்டேன். அவன் குரல் நின்ற பிறகும் போட்டுக்கொண்டிருந்தேன்.

அவனை நான்தான் கொன்றேன் சார், எழுதிக்கொள்ளுங்கள். வண்டியைக் காப்பாற்ற என்னால் ஆனதைச் செய்தேன் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.